முதல் கூட்டத்தின் பதினோராம் ஆண்டு

உலகத்தில் ஏழைகளுக்காகக் கவலைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் குளிரூட்டிய அறையில், சுழல் நாற்காலியில், முதுகு வலிக்க வலிக்கப் பதினோரு வருடம் விடாமல் உட்கார்ந்து கவலைப்பட்டவர்கள் வீட்டு வசதி ஆணையத்தின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவினர் மட்டும்தான். இப்படிப்பட்ட தியாகிகளுக்கு நகரத்தின் நடுவில் சிலை வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சிலைக்கு நிதி ஒதுக்க வேண்டியதும் அதே குழு என்பதால் கொஞ்சம் தாமதமாகிறது.

இந்தப் பதினோரு வருடத்தில் குழு எத்தனை கூட்டம் நடத்தியிருக்கிறது? ஒன்று. அந்த முதல் கூட்டமே இன்னும் முடியவில்லை. விதிப்படி ஒரு கூட்டம் முடிய வேண்டுமானால் ஒரு முடிவு எடுத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முடிவெடுப்பது பொறுப்பான காரியம். பொறுப்பானவர்கள் அவசரப்பட மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் 'ஒத்திவைக்கப்பட்டு', அடுத்த செவ்வாய் காலை பதினோரு மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு அமர்வுக்கும் உறுப்பினர்களுக்கு அமர்வுப்படி உண்டு. சும்மா உட்காருவதற்குக் காசா என்று வயிறெரிபவர்கள் பதினோரு வருடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த ஒரே கூட்டத்தில் நடந்த சிந்தனையைப் படி போட்டு அளக்க முடியாது. 'மலிவு விலை வீடு' என்றால் என்ன என்று வரையறுக்கவே மூன்று வருடம் ஆயிற்று. "கழிப்பறைய எடுத்துட்டா இன்னும் மலிவாகும்" என்றார் பொறியாளர். "வீட்டையே எடுத்துட்டா அதைவிட மலிவு" என்றார் நிதி ஆலோசகர். இரண்டாவது யோசனை 'கவனத்துக்குரியது' என்று குறிப்பேட்டில் ஏறியது. நடைமுறைக்கு வந்ததும் அதுதான்.

குழு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூட்ட அறையின் மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் குடியிருப்பு இருந்தது. பொத்தானை அழுத்தினால் குட்டி வீடுகளில் குட்டி விளக்குகள் எரியும். வாசலில் விரல் நக அளவில் பிளாஸ்டிக் மனிதர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆணையத்தின் வீடுகளில் இதுவரை குடியேறியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நிஜ வீடுகளும் எட்டு இருந்தன. பேருந்து கடைசியாகப் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், குழு பிறப்பதற்கு முன்பே, புகைப்படம் எடுப்பதற்காக யாரோ ஒரு பழைய அதிகாரி கட்டி முடித்துவிட்டுப் போனவை. எட்டின் சாவிகளும் கூட்ட அறையின் இரும்பு பீரோவில் பத்திரமாக இருந்தன. பீரோவின் சாவிதான் தொலைந்து ஏழு வருடமாகியிருந்தது. அது தொலைந்ததால் குழுவின் வேலையில் எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

தடங்கல் ஒரு செவ்வாய்க்கிழமை மேலிடத்துச் சுற்றறிக்கையின் வடிவத்தில் வந்தது. இனிமேல் ஒவ்வொரு அமர்விலும் வீடு இல்லாத ஒருவர் உறுப்பினராக உட்கார வேண்டும். கூட்டம் முடியும்வரை அவர் வீடு இல்லாதவராகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற உறுப்பினர்களுக்கு அமர்வுப்படி கிடையாது. முதல் இரண்டு வரிகளைக் குழு அமைதியாகக் கேட்டது. மூன்றாவது வரியில் நான்கு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் சுழன்றன.

"வீடு இல்லாதவங்கள எங்க போய்த் தேடுறது?" என்றார் தலைவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பீரோவுக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க சார்" என்றார் குறிப்பம்மா. குழுவின் குறிப்பேட்டை முதல் நாளிலிருந்து எழுதிவரும் எழுத்தர் அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடாததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "எல்லாம் விண்ணப்பம். பத்து வருஷத்துக்கு முந்தி வாங்கி வச்சது."

இப்படித்தான் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்து சாவிக்காரர் வரவழைக்கப்பட்டார்.

சாவிக்காரரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் தெருவில் இருக்கும். ஒரு சாவி வெட்டும் இயந்திரம், அரங்கள், எண்ணெய்க் குப்பி, ஆணியில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் வெட்டிய சாவியில்தான் திறந்தன. அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு மட்டும் பூட்டு தேவைப்படவில்லை. கதவு சரியாக மூடினால்தானே பூட்ட முடியும்? அந்த அறைக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேலே மாடி எடுக்கப் போவதாகச் சொல்லி, முப்பதாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இருபது நாள் அலைந்து பார்த்தாயிற்று. சம்பாதிப்பது எல்லாவற்றையும் கொடுத்தால் மாடிப்படிக்கு அடியில் இன்னொரு இடம் கிடைக்கும்போல் இருந்தது.

அவர் பீரோவின் முன் குந்தினார். ஒரு கம்பியை உள்ளே விட்டார். காதை வைத்துக் கேட்டார்.

"எவ்வளவு நேரமாகும்ப்பா?" என்றார் தலைவர்.

"தொறந்தாச்சு சார்."

தலைவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அறையில் ஒரு வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. "நல்லாப் பாத்தியா? அவசரப்பட்டுட்டியோ?" என்றார்.

உள்ளே கொக்கிகளில் எட்டுச் சாவிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் எண் அடித்த தகரத் தகடு. தொழில் புத்தி, சாவிக்காரரின் கண் முதலில் அங்கேதான் போயிற்று. பித்தளை களிம்பு பிடித்திருந்தாலும் பல் தேயவில்லை. பிறகுதான் கீழே கட்டி வைத்திருந்த காகிதங்களைப் பார்த்தார். மேலே இருந்த விண்ணப்பத்தில் ஒரு குடும்பப் படம். தலை நிறைய முடியோடு ஒருவர், பக்கத்தில் மனைவி, மடியில் ஆறு மாதக் குழந்தை. அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"சார், இது நான்தான்."

தலைவர் படத்தைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார், விண்ணப்ப எண்ணைப் பார்த்தார். எண் ஒன்று.

"இன்னும் வீடு கெடைக்கலையா உனக்கு?" என்று பதறினார்.

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"முப்பதாம் தேதிக்கு மேல இருக்குற ஒத்த ரூமும் இல்ல சார்."

தலைவர் முகத்தில் நிம்மதி பரவியது. அந்தக் கணத்தில் 'நீ' போய் 'நீங்க' வந்தது. "அடடா, நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க, உறுப்பினர் அவர்களே!"

சாவிக்காரர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி தானாகச் சுற்றியது. பயந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி நம்பவில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுபவர். அளவு சொல்லாமல் எதையும் நம்ப மாட்டார்.

"உங்கள உள்ள உக்கார வச்சாங்களா?"

"சுத்துற நாற்காலிம்மா."

"நாற்காலி சுத்தட்டும். பொட்டி படுக்கையத் தூக்கிட்டு நாம சுத்தாம இருந்தா சரி."

"ஒண்ணாம் நம்பர் சாவிய என் கண்ணால பாத்தேன். நம்ம நம்பர். எட்டுப் பல்லு, நல்ல கனம்."

"பாத்தீங்கல்ல, அப்படியே எடுத்துட்டு வந்தா என்ன?"

"அடுத்தவன் சாவிமேல ஒரு தடவை கை வச்சேன்னா, நாளைக்கு எவன் என்னை நம்பிப் பூட்டத் தருவான்? முறையாக் கேட்டு வாங்குறேன்."

"பத்து வருஷமா முறையாத்தான் கேட்டீங்க. கெணத்துல போட்ட கல்லாத்தான் கெடந்துச்சு."

"அப்ப வெளிய நின்னு கேட்டேன். இப்ப உள்ள உக்காந்து கேக்கப் போறேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு இளகிய மனசு.

"உங்களுக்குக் குடுக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை. ஆனா குடுத்தா நீங்க வீடு இல்லாதவரா இருப்பீங்களா?"

"எப்படி சார் இருப்பேன்?"

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க! வீடு இல்லாதவங்களுக்காகப் பேச ஒருத்தர் இல்லாமப் போயிடுவார். அப்புறம் அமர்வு செல்லாது. அந்தப் பாவத்த நாங்க பண்ணலாமா?"

"சரி சார், நான் காத்திருக்கேன். எனக்குப் பின்னாடி ரெண்டு, மூணு, நாலு நம்பர்னு ஆளுங்க இருக்காங்களே. மிச்ச சாவிய அவங்களுக்காவது குடுங்க."

தலைவர் எழுந்து நின்றார். பொறியாளரும் நிதி ஆலோசகரும், தலைவரின் உதவியாளராக வந்து பிறகு உறுப்பினராகிவிட்ட அவருடைய அக்கா மகனும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணாம் நம்பருக்கு முன்னாடி ரெண்டாம் நம்பரா? வரிசைன்னா வரிசை. என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் அந்த வரிசைய யாரும் தாண்ட விடமாட்டேன். எழுதிக்கங்கம்மா!"

எல்லோரும் கை தட்டினார்கள். சாவிக்காரரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். குறிப்பம்மா ஒரு சொல் விடாமல் எழுதினார்.

"சார், அப்போ கூட்டம் எப்ப முடியும்?"

அக்கா மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றினான். பொறியாளர் கண்ணாடிப் பெட்டியின் பொத்தானை அழுத்திக் குட்டி விளக்குகளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அந்த அறையில் கேட்டவர் யாருமில்லை. வெட்கமாக இருந்தது சாவிக்காரருக்கு. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் படியிறங்கும்போது குறிப்பம்மா கூடவே வந்தார்.

"தம்பி, முப்பதாம் தேதிக்கு மேல எங்க போவீங்க?"

"தெரியலம்மா. பொண்ண நெனச்சாத்தான் பயமா இருக்கு. பரீட்சை வேற வருது."

குறிப்பம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார். "எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் சர்வீஸ். தொண்ணூத்தாறு நோட்டு எழுதியிருக்கேன். ஒரு தடவையாவது 'கூட்டம் முடிந்தது'ன்னு எழுதணும்னு ஆசை. போகட்டும். ஏழாவது விதி படிச்சிருக்கீங்களா?"

"எனக்கு யாரு குடுத்தா படிக்க?"

"கூட்டம் நடப்பில் இருக்கும்வரை எந்த உறுப்பினரையும் அறையைவிட்டு வெளியேற்ற முடியாது. தலைவரே கொண்டு வந்தது. அவர வெளிய தள்ள ஒரு காலத்துல ஒருத்தர் பாத்தாரு, அப்ப. எட்டாவது விதி, உறுப்பினர் தம் உதவியாளர்களை உடன் வைத்துக்கொள்ளலாம். அக்கா மகனுக்காகக் கொண்டு வந்தது. எத்தன பேருன்னு அதுல போடல."

"அதான் நாலு மணிக்கு ஒத்திவைக்கிறாங்களேம்மா?"

"ஒத்திவச்சா முடிஞ்சதா அர்த்தமா? பதினோரு வருஷமா நடப்புலதான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலப்பா. விதியப் படிச்சேன், அவ்வளவுதான்."

முப்பதாம் தேதி பிற்பகல் ஒரு தள்ளுவண்டி ஆணையத்தின் வாசலில் நின்றது. மனைவி ஒட்டிய அட்டைப்பெட்டிகள் ஏழு, பாய், அடுப்பு, குடம், பள்ளிக்கூடப் பை, சாவி வெட்டும் இயந்திரம்.

"கூட்டத்துக்கா சார்?" என்றார் காவலாளி, உறுப்பினர் அட்டையைப் பார்த்துவிட்டு.

"ஆமா."

"அடுப்பு?"

"அதுவும் கூட்டத்துக்குத்தான்."

காவலாளி பெட்டியில் ஒரு கை கொடுத்து, கூட்ட அறையையும் திறந்துவிட்டார். அங்கே எத்தனையோ விதமான கூட்டச் செலவுகளை மேலே தூக்கிப் போயிருக்கிறார். அடுப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை.

மனைவி கூட்ட அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் நிறைய வெளிச்சம், கால் புதையும் விரிப்பு, தட்டினால் வெந்நீர் வரும் குளியலறை, தேநீர் போட ஒரு சின்ன சமையலறை. உறுப்பினர்கள் களைப்பாற ஒரு நீள சோபா.

"அப்பா, இது யார் வீடு?" என்றாள் மகள்.

"யாரும் இருக்கிறதில்லம்மா. செவ்வாய்க்கிழமை மட்டும் நாலு பேர் வருவாங்க."

"மத்த நாள்?"

"பூட்டி வச்சிருப்பாங்க."

மகள் விரிப்பில் ஒரு முறை உருண்டு பார்த்தாள். பத்து வயதில் முதல் தடவையாகக் கை காலை எதிலும் இடிக்காமல் உருள்கிறாள். பார்த்துக்கொண்டு நின்ற சாவிக்காரருக்கு சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை, கோபமும் கொஞ்சம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கதவைத் திறந்த தலைவர், தப்பான மாடிக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய், எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். வெங்காயம் வதங்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல் ஈரப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் மனிதர்கள் அதன் நிழலில் இருந்தார்கள்.

"இடத்தக் கொடுத்தா மடத்தையே பிடுங்குறதா?" என்று கத்தினார்.

"மடத்த நீங்களே வச்சுக்கங்க சார்" என்றார் மனைவி, கரண்டியை இறக்காமல். "நாங்க கேட்டது இடந்தான். அதுக்கு ஒரு சாவி உங்க பீரோவுலயே தொங்குது."

"யாரு இவங்கல்லாம்?"

"என்னோட உதவியாளருங்க சார்" என்றார் சாவிக்காரர். உறுப்பினர் அட்டையைத் தொட்டுக்கொண்டார். "எட்டாவது விதி."

தலைவர் காவலாளியைக் கூப்பிடச் சொன்னார். குறிப்பம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "வெளியேத்தணும்னா கூட்டம் முடிஞ்சாகணும் சார். முடியணும்னா முடிவெடுக்கணும். என்ன முடிவுன்னு எழுதட்டும்?"

'முடிவு' என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் நாற்காலியில் சரிந்தார். காவலாளி வரவில்லை. கூட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அதற்குப் பிறகு நான்கு செவ்வாய்க்கிழமைகள் அந்த உத்தமர்கள் பட்ட பாட்டை எழுதினால் கல்லும் கரையும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் கண்ணை மூடி 'ஆழ்ந்து சிந்திக்கும்' நேரத்தில், மகள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுப் படித்தாள். விடுமுறை வேறு விட்டுத் தொலைத்தது. சாவி வெட்ட வந்தவர்கள் மேலே ஏறி வந்து, பொறியாளரை எடுபிடி என்று நினைத்து, "இதுல ரெண்டு போடுங்க, சீக்கிரம்" என்றார்கள். சோபாவில் பாத்திரம் காய்ந்தது. இவற்றையெல்லாம்கூடத் தாங்கியிருப்பார்கள். மனைவியின் கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்று நிதி ஆலோசகரைக் கேட்டார்.

"வீட்டுக்கான நிதிய யாருக்குக் குடுக்கலாம்னு ஆலோசனை சொல்றேம்மா."

"யாருக்குக் குடுக்கச் சொன்னீங்க?"

"இதுவரைக்கும் யாருக்கும் சொல்லல."

"அப்போ பணம்?"

"அப்படியே இருக்கு. ஒரு பைசா குறையல. வருஷா வருஷம் கூடிக்கிட்டேதான் போகுது" என்றார் அவர், பெருமையாக.

"இதுக்கு ஆளு வேணுமா சார்? பூட்டே போதுமே" என்றார் மனைவி.

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பூட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தவரையில் மனைவி சொன்னது சரிதான்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை குழு, நடைபாதையில் நின்றுகொண்டு ரகசியமாகப் பேசியது. குழு பிறந்ததிலிருந்து நான்கு பேரும் ஒன்றாக நின்று ஒரு விஷயத்தைப் பேசியது அதுவே முதல் தடவை.

"நமக்கு வேற ஒரு இடம் வேணும்யா" என்றார் தலைவர். "இதவிடப் பெருசா, ஏரியப் பாத்தாப்புல. மூணு ஹால், தனித்தனி ஓய்வறை. யாரும் ஏறி வர முடியாதபடி."

"வீட்டு நிதியில எடுக்க முடியாது சார். அது கூரை இல்லாதவங்களுக்கு மட்டும்தான்" என்றார் பொறியாளர்.

நிதி ஆலோசகருக்குப் பதினோரு வருடத்தில் இரண்டாவது ஆலோசனை தோன்றியது. "இப்ப நமக்கு எங்க சார் கூரை இருக்கு?"

தலைவர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தம் கையாலேயே விண்ணப்பம் எழுதினார். 'இருந்த ஒரே அறையும் பறிபோய், நிற்க நிழலின்றி, ஒண்ட இடமின்றித் தவிக்கும் நால்வர்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம். படிக்கும்போது அவருக்கே கண்ணீர் வந்துவிட்டது. வீடு இல்லாதவர்களின் துன்பம் இவ்வளவு கொடியது என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னவை பீரோவுக்குள் இருந்தன.

குறிப்பம்மா விண்ணப்பத்தை வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, எண் போட்டுக் கொடுத்தார்.

"முந்நூத்திப் பதிமூணா? என்னம்மா இது?"

"வரிசை எண் சார்."

"நாமதாம்மா குழு!"

"விண்ணப்பம் குடுத்துட்டா விண்ணப்பதாரர் சார். உங்களுக்கு முன்னாடி முந்நூத்திப் பன்னெண்டு பேர். 'என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் அந்த வரிசைய யாரும் தாண்ட விடமாட்டேன்' — தொண்ணூத்தாறாவது நோட்டு, நாப்பதாம் பக்கம். கை தட்டினதையும் எழுதியிருக்கேன்."

தலைவருக்கு நெற்றி வியர்த்தது. "அந்த வரிசை விதிய மாத்திட்டா?"

"மாத்தலாம் சார். மேலிடத்துக்கு எழுதணும். விதிகள மாத்த அங்கயும் ஒரு குழு இருக்கு."

"அவங்க எப்ப முடிவு சொல்லுவாங்க?"

"அவங்களும் முதல் கூட்டத்துலதான் சார் இருக்காங்க."

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஏரி கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி நிதி ஆலோசகரை ஒரு பார்வை பார்த்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு வீட்டுக்குப் பணம் இருக்கா?"

"தாராளமா இருக்கு சார். யாரு தொட்டா?"

"நிலம்?"

"அந்த எட்டு வீட்டுக்குப் பின்னாலயே கெடக்கு சார்" என்றார் பொறியாளர். "வரைபடம்கூட மடியாம இருக்கு."

"அப்புறம் என்னய்யா பேச்சு? ஒதுக்கு! எல்லாத்துக்கும் ஒதுக்கு! ஏழைங்கள இன்னும் எத்தன நாளைக்குய்யா காக்க வைப்பீங்க? உங்களுக்கு மனசாட்சி இல்ல?"

மணி பதினொன்று நாற்பதுக்குத் தலைவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பதினொன்று நாற்பத்தேழுக்கு எல்லாம் முடிந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. கட்டி முடித்த எட்டும் முதல் எட்டு எண்களுக்கு அன்றே வழங்கப்பட்டன. கழிப்பறை பற்றிப் பொறியாளர் வாய் திறந்தார். "எல்லாத்தையும் வச்சுக் கட்டுய்யா, நேரமாவுது!" என்று தலைவர் அதட்டினார்.

கடைசியாகக் குறிப்பேடு சாவிக்காரரிடம் வந்தது. வீடு இல்லாதவராக அவர் போட வேண்டிய கடைசிக் கையெழுத்து. மனைவி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். போட்டு முடித்ததும் குறிப்பம்மா குறிப்பேட்டைத் தம் பக்கம் இழுத்தார். 'கூட்டம் முடிந்தது' என்று எழுதினார். எழுதிய பின்பும் பேனாவை எடுக்க மனமில்லாமல், முற்றுப்புள்ளியை மூன்று தடவை அழுத்தி வைத்தார். பிறகு எழுந்துபோய்க் கொக்கியிலிருந்து ஒன்றாம் எண் சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

"முறையாக் கேட்டு வாங்கிட்டீங்க தம்பி" என்றார்.

வீட்டின் பூட்டு துருப்பிடித்து முரண்டியது. சாவிக்காரர் வாசலில் குந்தி, எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் அதோடு பேசினார். மனைவி காத்திருந்தார். பத்து வருடம் காத்த இடத்தில் பத்து நிமிடம் காக்க மாட்டாரா? கதவு திறந்தது. இரண்டு அறைகள், ஒரு சமையலறை, புழுதி, ஒரு கழிப்பறை. மனைவி அறையைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். மகள் அவசரப்பட்டு உருளவில்லை.

"அப்பா, செவ்வாய்க்கிழமை யாரும் வர மாட்டாங்கல்ல?"

"வர மாட்டாங்கம்மா."

அவர் கதவை உள்ளேயிருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மறுபடி திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தார். ஆயிரம் பேருடைய கதவை வெளியேயிருந்து பூட்டித் திறந்த மனிதர். உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாளின் சத்தம் அவருக்குப் புதிது.

மிச்சமிருந்த முந்நூற்று நான்கு வீடுகளும் பதினான்கே மாதத்தில் எழும்பின. தலைவர் தினமும் குடையோடு வந்து சாரத்தின் கீழே நின்றார். "ஏன்யா லேட்டு? இந்தக் குடும்பம் தெருவுல நிக்குதுய்யா!" என்று கொத்தனாரைத் துரத்தினார். செங்கல் லாரி பிந்தினால் பொறியாளர் ஓடிப் போய் வழியில் மறித்து அழைத்து வந்தார். நிதி ஆலோசகர் பட்டுவாடாவை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடவில்லை. அக்கா மகன் சித்தாள் வராத அன்று கல் சுமந்ததாகவும் கேள்வி. இருநூற்றுத் தொண்ணூறாம் வீட்டுக்குக் கூரை போட்ட அன்று தலைவர் பரவசத்தில் இனிப்பு வழங்கினார்.

ஆகவே, ஆணையத்தைச் சோம்பேறிகள் என்றும், திறமை இல்லாதவர்கள் என்றும், இரக்கம் இல்லாதவர்கள் என்றும் இனி யாரும் வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது. திறமை இருந்தது, நிலம் இருந்தது, பணம் இருந்தது, இரக்கம்கூட மூன்று பக்கத்துக்கு இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பத்து வருடம் நின்ற அந்த வரிசையில் ஒரே ஒரு குறைதான் இருந்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் தலைவர் நிற்கவில்லை.